ஒன்றுமில்லை என்பதும் ஒரு விடையே

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

அறிவியலில் பல பெரிய செய்திகள், வேறு எதையோ தேடப் போனவர்களின் கையில்தான் சிக்கியிருக்கின்றன. 1963-ஆம் ஆண்டில் அணுகுண்டுச் சோதனைகளைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்று கையெழுத்தானது. அதனை மீறி எவரேனும் விண்வெளியில் குண்டு வெடித்துப் பார்க்கின்றனரா என்று உளவு காண, அமெரிக்கா வேலா என்னும் செயற்கைக்கோள்களை அனுப்பி வைத்தது. அணுகுண்டு வெடித்தால் காமாக் கதிர்கள் வரும். அவற்றைப் பிடிக்கும் கருவிகள் அக்கோள்களில் இருந்தன. 1967 ஜூலை 2-ஆம் நாள் அக்கருவிகளில் ஒரு துடிப்பு பதிவாயிற்று. குண்டு எதுவும் வெடிக்கவில்லை. சூரியனிலும் அன்று அதற்கான கொந்தளிப்பு இல்லை. பின்னர் இதைப் போன்ற துடிப்புகள் மேலும் மேலும் பதிவாயின. 1973-இல்தான் கிளெபசடெல், ஸ்ட்ராங், ஓல்சன் ஆகிய மூவர் இத்தகைய 16 நிகழ்ச்சிகளைத் தொகுத்து உலகுக்கு அறிவித்தனர். புவியிலிருந்து வந்தவை அல்ல, சூரியனிலிருந்து வந்தவையும் அல்ல, விண்ணின் ஏதோ ஓர் ஆழத்திலிருந்து வந்தவை என்றனர்.

அவையே காமாக் கதிர் வெடிப்புகள்.

அன்பார்ந்த மாணவ நண்பர்களே! இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு யான் எடுத்துக்கொண்ட பொருள் இந்த வெடிப்புகள்தாம். இன்னும் சரியாகச் சொன்னால், இவ்வெடிப்புகளிலிருந்து மில்லிமீட்டர் அலைகள் வருகின்றனவா என்று, முன்பே எடுத்துவைத்த செயற்கைக்கோள் பதிவுகளில் தேடிப் பார்ப்பது. தலைப்பைப் பலகையில் எழுதியபோது வகுப்பில் எழுந்த சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது. பாகூர்க் கொம்யூனின் ஒரு சிற்றூரிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருகிறவளுக்கு இது ஏன் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். அந்தக் கேள்வி நியாயமானதே. அதற்கு விடை சொல்லவே இக்கட்டுரை.

முதலில் பொருளைச் சற்று விளக்கிவிடுகிறேன்.

காமாக் கதிர் வெடிப்பு என்பது சில நொடிகளே நீடிப்பது. சில வெடிப்புகள் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும், சில பல நிமிடங்கள் நீடிக்கும். 1991 முதல் 2000 வரை காம்ப்டன் என்னும் செயற்கைக்கோளிலிருந்த பேட்ஸ் கருவி 2,704 வெடிப்புகளைப் பதிவு செய்தது. அவை வானின் எல்லாத் திசைகளிலும் ஒரே சீராகப் பரவியிருந்தன. நமது பால்வெளி மண்டலத்துக்குள்ளேயே நிகழ்ந்திருந்தால் பால்வெளியின் பட்டையை ஒட்டிக் குவிந்திருக்க வேண்டுமன்றோ? எனவே இவை மிகத் தொலைவில் நிகழ்பவை என்ற ஐயம் வலுத்தது. 1997 பிப்ரவரி 28-இல் பெப்போசாக்ஸ் என்னும் இத்தாலிய-டச்சுச் செயற்கைக்கோள் ஒரு வெடிப்பின் பின்னொளியை முதன்முதலாகப் பிடித்தது. அதே ஆண்டு மே 8-இல் நிகழ்ந்த வெடிப்பின் தொலைவை அளந்தபோது, அது பல நூறு கோடி ஒளியாண்டுகள் என்று தெரிந்தது. அவ்வளவு தொலைவிலிருந்து வந்தும் நம் கருவியை உலுக்குகிறது என்றால் அதன் ஆற்றல் எத்தகையது! சூரியன் தன் வாழ்நாளாகிய ஆயிரம் கோடி ஆண்டுகளில் வெளியிடுவதை ஒத்த ஆற்றல், சில நொடிகளில் கொட்டித் தீர்க்கப்படுகிறது.

நீண்ட வெடிப்புகளில் பெரும்பாலானவை, சூரியனைவிடப் பன்மடங்கு எடை கொண்ட விண்மீன்கள் தம் கடைசிக் காலத்தில் உட்குலைந்து விழும்போது உண்டாகின்றன. குறுகிய வெடிப்புகள், இரு நியூட்ரான் விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி இறுதியில் மோதும்போது உண்டாகின்றன. இரண்டிலும் ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் ஒரு தாரை பீறிட்டுக் கிளம்புகிறது. அத்தாரை சுற்றிலுமுள்ள வாயுவின் மேல் மோத, எலெக்ட்ரான்கள் காந்தப் புலத்தில் சுழன்று கதிர் வீசுகின்றன. இதனைச் சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சு என்று நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். தாரை தளரத் தளர, இக்கதிர்வீச்சின் உச்சமும் இறங்கிக்கொண்டே வரும். முதலில் எக்ஸ் கதிர், பின்னர் கண்ணுக்குத் தெரியும் ஒளி, அதன்பின் மில்லிமீட்டர் அலை, கடைசியில் ரேடியோ அலை. கொல்லன் உலையிலிருந்து எடுத்த இரும்பு வெள்ளையிலிருந்து மஞ்சளாகி, சிவந்து, கறுப்பதைப் போல என்று சொல்லலாம். அது வெப்பத்தால் வருவது, இது காந்தப் புலத்தால் வருவது. எனினும் படிப்படியாய் இறங்கும் வரிசை ஒன்றே.

இவ்வரிசையில் மில்லிமீட்டர் அலைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கண்ணொளியை இடைநின்ற தூசி மறைத்துவிடும். நீண்ட ரேடியோ அலைகளைத் தொடக்க நாள்களில் வெடிப்பின் சூழலே விழுங்கிவிடும். அன்றியும் நம் மண்டலத்து வாயு அவற்றை மினுமினுக்கச் செய்து அளவைக் குழப்பும். மில்லிமீட்டர் அலையோ இந்த இரு தொல்லைக்கும் பெரும்பாலும் தப்பி வருவது. வெடிப்பில் எவ்வளவு ஆற்றல் இருந்தது, அதனைச் சுற்றி எவ்வளவு வாயு இருந்தது என்பதற்கு அது நேர்மையான சாட்சி.

ஆனால் அச்சாட்சியைக் கேட்பது எளிதன்று. காற்றிலுள்ள நீராவியும் ஆக்சிஜனும் இவ்வலைகளைக் குடித்துவிடுகின்றன. 60 கிகா ஹெர்ட்ஸை ஒட்டி ஆக்சிஜன், 183 கிகா ஹெர்ட்ஸில் நீராவி என்று இடையிடையே சுவர் எழுப்பியதுபோல் நிற்கின்றன. நம் ஊரை எண்ணிப் பாருங்கள். ஐப்பசியில் துணி காய இரண்டு நாள் ஆகிறது. சித்திரையில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாலும் வேர்வை அடங்குவதில்லை. இத்தகைய கடற்கரைக் காற்றின் அடியிலிருந்து மில்லிமீட்டர் வானத்தைப் பார்க்க முயல்வது, கலங்கிய ஏரியின் அடியிலிருந்து கரையைப் பார்க்க முயல்வது போன்றதே. அதனால்தான் ஆல்மா என்னும் பெரும் தொலைநோக்கித் தொகுதியைச் சிலி நாட்டின் அட்டகாமாப் பாலைநிலத்தில், 5,000 மீட்டர் உயரத்தில் வைத்திருக்கிறார்கள். அதனினும் மேலான இடம், காற்றே இல்லாத விண்வெளி.

விண்வெளியில் அத்தகைய கண் ஒன்று இருந்தது. அதன் பெயர் பிளாங்க். ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2009 மே 14-இல் பிரெஞ்சுக் கயானாவிலிருந்து அதனை அனுப்பியது. புவியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டருக்கு அப்பால், சூரியனுக்கு எதிர்த் திசையில் நின்று அது பணி செய்தது. 30 முதல் 857 கிகா ஹெர்ட்ஸ் வரை, அதாவது ஒரு சென்டிமீட்டரிலிருந்து மூன்றில் ஒரு மில்லிமீட்டர் வரையிலான அலைகளை ஒன்பது வரிசைகளாகப் பிரித்து அளந்தது. அதன் வேலை, அண்டம் பிறந்த காலத்து வெப்பத்தின் எச்சத்தை அளப்பது. காமாக் கதிர் வெடிப்புகளைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. ஆனால் வேலாவும் வெடிப்புகளைத் தேடப் போகவில்லையே! நிமிடத்துக்கு ஒரு முறை தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, நம் புதுவைக் கலங்கரை விளக்கின் ஒளிக்கற்றை கடலைத் துழாவுவதுபோல், அது வானத்தில் ஒரு வளையத்தைத் துழாவியது. அவ்வளையம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு பாகை நகர்ந்தது. ஆகவே ஆறு மாதத்துக்கு ஒரு முறை வானம் ஏறத்தாழ முழுவதும் அதன் கண்ணில் பட்டது. உயர் அலைவரிசைக் கருவி 2012 ஜனவரி வரையிலும், தாழ் அலைவரிசைக் கருவி 2013 அக்டோபர் வரையிலும் உழைத்தன. பின்னர் பிளாங்க் அணைக்கப்பட்டது. அது சேர்த்த பதிவுகள் எல்லாம் இன்று எவரும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளும்படி வைக்கப்பட்டிருக்கின்றன.

இந்தச் செய்தியைத் துறைத் தலைவர் வகுப்பில் போகிற போக்கில் சொன்னார். "கருவி வாங்கப் பணம் இல்லை என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது. கருவி வேலை செய்து ஓய்ந்தும் போயிற்று. அது பார்த்ததை எடுத்துப் பார்க்க ஆள்தான் இல்லை" என்றார். அன்று மாலை பேருந்தில் அதையே எண்ணிக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் துறைக்குச் சென்று கேட்டேன். "ஐயா, வெடிப்பு நடந்த இடத்தைப் பிளாங்க் அந்தச் சமயத்தில் பார்த்துக்கொண்டிருந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

"அது சூரியனுக்கு எதிர்ப்பக்கத்தை அச்சாக வைத்துச் சுற்றுகிறது. அச்சிலிருந்து 85 பாகை தள்ளிப் பார்க்கிறது. வெடிப்பு நடந்த அன்று சூரியன் எந்த இடத்தில் இருந்தது என்று தெரிந்தால் நீயே கணக்குப் போட்டுவிடலாம், அம்மா" என்றார்.

சூரியன் எந்த நாளில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் நூல் நம் ஊரில் எவரிடம் இல்லை? வில்லியனூரில் இருக்கும் என் வகுப்புத் தோழியின் தாத்தா நாள் பார்த்துச் சொல்பவர். பழைய பஞ்சாங்கங்களை ஆண்டு வாரியாகக் கயிறு கட்டிப் பரணில் வைத்திருக்கிறார். விஜய ஆண்டுப் பஞ்சாங்கம் வேண்டும் என்றதும், "பத்து வருஷத்துக்கு முன்னாடி நாள் பாத்து இப்ப இன்னாம்மா பண்ணப் போற?" என்று சிரித்தார். விளக்கிச் சொன்னோம். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பொறுமையாய்க் கேட்டார். கடைசியில், "வெள்ளக்காரன் கணக்கோட சேக்கணும்னா அயனாம்சத்தக் கூட்டிக்க. இருபத்து நாலு பாகை வரும். அத விட்டீன்னா ஒரு மாசம் தள்ளிப் போயிடும்" என்றார். எங்கள் பாடநூலில் இல்லாத எச்சரிக்கை அது!

ஒரே ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறேன். 2013 ஏப்ரல் 27-இல் சிம்ம ராசிப் பக்கத்து வானில் மிகப் பிரகாசமான ஒரு வெடிப்பு நிகழ்ந்தது. அன்று சித்திரை 14. சூரியன் மேஷத்தில் 13 பாகை சென்றிருந்தது. அயனாம்சம் 24-ஐக் கூட்ட 37. அதற்கு நேர் எதிர்ப்புள்ளி 217. வெடிப்பின் இடமோ சூரிய வீதியில் 162-ஆம் பாகைக்கு நேரே, வடக்கே 23 பாகை தள்ளி இருந்தது. இரண்டுக்கும் இடைவெளி 55. வளையம் அவ்விடத்தைத் தொட வேண்டுமானால் இடைவெளி ஏறத்தாழ 85 ஆக வேண்டும். இன்னும் 30 பாகை, அதாவது இன்னும் ஒரு மாதம். ஆகவே வைகாசி நடுவில்தான், சில நாள் முன்பின்னாக, பிளாங்கின் பார்வை அங்கே விழுந்திருக்கும். அதற்கு முந்திய முறை அவ்விடத்தைப் பார்த்தது கார்த்திகைக் கடைசியில். இடையில் நிகழ்ந்த வெடிப்பு அதன் கண்ணுக்குத் தப்பிவிட்டது. தேர் நிலைக்கு வந்து, கடைகளும் கலைந்த பிறகு வில்லியனூர்க்குப் போய்ச் சேர்ந்தவனுக்குத் தேரோட்டம் என்ன தெரியும்? வீதியில் கிடக்கும் பூவும் காகிதமும்தான் தெரியும்.

இவ்வாறே 2009 ஆகஸ்டு முதல் 2013 அக்டோபர் வரையிலான காலத்தில் பிரகாசமான 40 வெடிப்புகளை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். பெரிய குறிப்பேட்டில் ஒரு வெடிப்புக்கு ஒரு பக்கம். பகலில் கல்லூரி, மாலையில் வீட்டு வேலை, இரவு ஒன்பதுக்கு மேல் இந்தக் கணக்கு. நாற்பதில் நான்கே நான்கு வெடிப்புகளில், நிகழ்ந்த இருபது நாளுக்குள் பிளாங்கின் வளையம் அந்த இடத்தைக் கடந்திருந்தது. தற்செயலாக எதிர்பார்க்கத்தக்க அளவும் அதுவே. ஆறு மாதத்தில் இருபது நாள் என்பது ஒன்பதில் ஒரு பங்கு. நாற்பதில் ஒன்பதில் ஒரு பங்கு நான்கைச் சற்றே தாண்டும்.

இந்த நான்கு இடங்களின் வரைபடங்களை ஆய்வகக் கணினியில் இறக்கி, வெடிப்புக்கு முந்திய ஆறு மாதப் படத்தைப் பிந்திய ஆறு மாதப் படத்திலிருந்து கழித்துப் பார்த்தேன். நிலையாக ஒளிர்பவை எல்லாம் கழிந்துவிடும். புதிதாக முளைத்தது மட்டும் மிஞ்சும். மிஞ்சியது என்ன? இரைச்சல்! அங்குமிங்கும் ஏற்றமும் இறக்கமும். வெடிப்பு நிகழ்ந்த இடத்தில் மட்டும் தனித்து நிற்கும் புள்ளி எதுவும் இல்லை. நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தேன். நான்கை அடுக்கினால் இரைச்சல் பாதியாகும், நூறை அடுக்கினால் பத்தில் ஒன்றாகும் என்பது விதி. பாதியான இரைச்சலிலும் ஒன்றுமில்லை.

இதில் வியப்பு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரேடியோ வானியலில் ஒளியை அளக்கும் அலகு ஜான்ஸ்கி. பால்வெளியிலிருந்து ரேடியோ அலை வருவதை 1933-இல் அறிவித்த கார்ல் ஜான்ஸ்கியின் பெயரால் அமைந்தது. ஒரு ஜான்ஸ்கி என்பது, ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் ஒரு ஹெர்ட்ஸ் அகலத்துக்கு, பத்தின் கழித்தல் 26-ஆம் அடுக்கு வாட். பிளாங்கின் படத்தில் சில நூறு மில்லிஜான்ஸ்கிக்குக் கீழே உள்ள தனிப் புள்ளிகள் இரைச்சலில் மூழ்கிவிடும். வெடிப்புகளின் பின்னொளியோ சாதாரணமாக ஒரு சில மில்லிஜான்ஸ்கியே. 2003 மார்ச் 29-இல் மிக அருகே நிகழ்ந்த பேர்பெற்ற வெடிப்பு ஒன்றுதான் 100 கிகா ஹெர்ட்ஸை ஒட்டி எழுபது மில்லிஜான்ஸ்கி அளவுக்கு உயர்ந்தது. அதுவும் பிளாங்கின் வரம்புக்குக் கீழேதான். ரேடியோ அலையில் தேடியவர்களின் அனுபவமும் இத்தகையதே. பூனம் சந்திராவும் டேல் ஃபிரெயிலும் 2012-இல் வெளியிட்ட பட்டியலில், பெரிய தொலைநோக்கிகள் பதினான்கு ஆண்டுகள் தேடிய 304 வெடிப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றிலேயே ரேடியோ ஒளி கிடைத்தது. மற்றவை எல்லாம் "இதற்கு மேல் இல்லை" என்ற வரம்புகள்.

அப்படியானால் ஏன் தேட வேண்டும்? நிலத்துத் தொலைநோக்கி செய்தி வந்த பிறகுதான் திரும்புகிறது. அதற்குள் நிமிடங்கள், சில சமயம் மணிகள் கழிந்துவிடுகின்றன. வானத்தை இடைவிடாது துழாவும் செயற்கைக்கோளோ தற்செயலாக வெடிப்பின் முதல் நொடியிலேயே அங்கே பார்த்துக்கொண்டிருக்கக் கூடும். அந்த முதல் நொடிகளில் மில்லிமீட்டர் அலை எவ்வளவு என்று எவரும் எளிதில் சொல்லிவிட முடியாது. கோட்பாடு எதிர்பார்ப்பதைவிடப் பன்மடங்கு ஒளி அங்கே இருந்தால் அது தெரிந்துவிடும். தெரியாவிட்டால், அவ்வளவு ஒளி இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

இவ்வளவும் எனக்கு விளங்கியது. ஆனால் வீட்டில் எப்படிச் சொல்வது?

எங்கள் குடும்பம் நெல் விளைவிக்கும் குடும்பம். பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். ஆனால் களஞ்சியத்தின் கிழக்கு ஓரத்தில் இருப்பவர்களின் பாடு வேறு. கடல் பக்கத்து நிலத்தடி நீரில் ஆண்டுக்கு ஆண்டு உப்பு ஏறிக்கொண்டே வருகிறது. சென்ற கோடையில் அப்பா கடன் வாங்கி, மேட்டுக் கொல்லையில் ஆழ்துளைக் கிணறு ஒன்று போட்டார். தண்ணீர் வந்தது. வாயில் வைக்க முடியாத உப்பு! மூன்று நாள் ஓட்டிப் பார்த்தும் மாறவில்லை. குழாயை உருவி, வாயை மூடி, மேலே ஒரு கல்லை நட்டுவிட்டார்கள். கடன் மட்டும் மூடப்படவில்லை. என் முதுகலைப் படிப்பைப் பற்றிய பேச்சு அதன் பிறகு வீட்டில் தயங்கித் தயங்கித்தான் வந்தது. பி.எட். படித்தால் விரைவில் வேலை கிடைக்குமே என்று அம்மா சொல்வது பேராசையால் அன்று, கணக்குப் பார்த்துத்தான்.

திட்டப்பணியை எழுதி முடித்த அன்று அப்பா கேட்டார்.

"ஏம்மா, ராத்திரியெல்லாம் முழிச்சி எழுதினியே, இன்னா கெடச்சிது?"

"ஒண்ணும் கெடைக்கலப்பா."

"ஒண்ணும் கெடைக்கலன்னு எழுதினா மார்க்கு போடுவாங்களா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவரே சற்று நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்துவிட்டுச் சொன்னார்: "நாம கொல்லையில போர் போட்டு உப்புத் தண்ணி வந்துது இல்ல? பெரியப்பா அதுக்கு நூறடி தள்ளிப் போடறதா இருந்தாரு. நம்முளுத பாத்துட்டு மேக்கால வாய்க்கா ஓரமா போட்டாரு. நல்ல தண்ணி. நம்ம பணம் போனதுதான். ஆனா அவுரு பணம் நின்னுது. அந்த மாதிரியா?"

"அதே மாதிரிதான் அப்பா."

மூன்று ஆண்டு இயற்பியல் எனக்குக் கற்றுத் தந்ததை ஒரு கேள்வியில் அடக்கிவிட்டார். உப்புக் கிணற்றை மறைத்திருந்தால் பெரியப்பாவும் கடன்பட்டிருப்பார். எவ்வளவு ஆழம், எந்த இடம், எந்த அளவு உப்பு என்று உள்ளபடி சொன்னதால்தான் அது பயன்பட்டது. "ஒன்றுமில்லை" என்று மட்டும் சொன்னால் போதாது. எங்கே தேடினேன், எவ்வளவு நுண்மையாகத் தேடினேன், எந்த அளவுக்கு மேல் இல்லை என்று சொல்ல வேண்டும். இதைத்தான் அறிவியலில் மேல் வரம்பு என்கிறார்கள்.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெருஞ்சான்று உண்டு. இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் 2015 செப்டம்பர் 28-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதன் சி.இசட்.டி.ஐ. கருவி, இயக்கப்பட்ட அக்டோபர் 6-ஆம் நாளிலேயே ஒரு காமாக் கதிர் வெடிப்பைப் பதிவு செய்தது. 2023-க்குள் அதன் கணக்கு 600 வெடிப்புகளை எட்டியது. ஆனால் அது காணாத ஒரு வெடிப்பும் புகழ்பெற்றதே. 2017 ஆகஸ்டு 17-இல் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதன் ஈர்ப்பலை புவியை வந்தடைந்தது. அடுத்த இரண்டு நொடிக்குள் காமாக் கதிரும் வந்தது. அது வானில் எங்கே என்று உலகமே தேடியது. ஆஸ்ட்ரோசாட் அதைக் காணவில்லை. கருவியோ நல்ல நிலையில் இருந்தது. அப்படியானால் அந்த வெடிப்பு, ஆஸ்ட்ரோசாட்டின் பார்வையைப் புவியின் உருண்டை மறைத்த பகுதியில்தான் நிகழ்ந்திருக்க வேண்டும்! இந்த ஒரு "காணவில்லை"யால் தேட வேண்டிய வானப் பரப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வெடிப்பு அப்பகுதியில்தான் இருந்தது. 13 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு மண்டலத்தில், சிலியிலிருந்த தொலைநோக்கி ஒன்று அதனைச் சில மணி நேரத்தில் கண்டுபிடித்தது. காணாததைக் காணவில்லை என்று உடனே, உள்ளபடி சொன்னதும் அறிவியலே.

வாய்மொழித் தேர்வில் புறத் தேர்வாளர் என் குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு, "கடைசியில் பூச்சியம்தானே?" என்றார். வரம்பின் அளவைச் சொன்னேன். அடுக்கும் முறையைச் சொன்னேன். அவர் முகத்தில் நிறைவு தெரியவில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்த எங்கள் பேராசிரியை அம்மையார் மெல்லச் சிரித்து, "இந்த ஊருக்குப் பூச்சியம் புதிதல்ல" என்றார். அவர் குறிப்பிட்டது லெ ஜாந்தியை.

அவர் கதை நம்மில் பலருக்குத் தெரியாது. கியோம் லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர், சூரியனின் முகத்தை வெள்ளி கடப்பதைப் பார்க்க 1760-இல் புதுச்சேரியை நோக்கிக் கப்பலேறினார். அவர் வருவதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761 ஜூன் 6-இல் கடந்ததை ஆடும் கப்பலின் மேலிருந்து பார்த்தார். அளவெடுக்க முடியவில்லை. அடுத்த கடப்பு எட்டாண்டு கழித்து. அதுவரை இந்தியப் பெருங்கடல் பகுதியிலேயே தங்கி, 1768-இல் புதுவைக்கு வந்து நோக்குமாடம் அமைத்துக் காத்திருந்தார். 1769 ஜூன் 4 விடியற்காலை. அந்த நேரம் பார்த்து மேகம் மூடிக்கொண்டது! 1771-இல் ஊர் திரும்பினால், அவர் இறந்துவிட்டதாக எண்ணிக் கழகத்தில் அவர் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். ஆனால் காத்திருந்த அந்தக் காலத்தில் அவர் நம் தமிழ்க் கணியர்களிடம் கிரகணக் கணிதம் பயின்றார். அதை எழுதி ஐரோப்பாவுக்குக் கொண்டு சேர்த்தார். பின்னாளில் ஜான் வாரன் என்பவரும் புதுச்சேரியில், சோழிகளைத் தரையில் வைத்தே, மனப்பாடமான வாய்பாட்டைக் கொண்டு கிரகணத்தைக் கணித்த தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைக் கண்டு, 1825-இல் சென்னையில் வெளியான தம் நூலில் பதிந்து வைத்தார். வில்லியனூர்த் தாத்தா எனக்குச் சொன்ன அயனாம்சம் அந்த மரபின் ஓர் இழைதான்.

இன்னும் பின்னோக்கிப் போனால் பாகூரே ஒரு கல்லூரி ஊர். ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு, அங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாக வழங்கியதைச் சொல்கிறது. நெல் விளையும் நிலத்தின் வருவாயில் கல்வி நடந்தது. இன்றும் அப்படித்தானே நடக்கிறது! எங்களில் எத்தனை பேருடைய தேர்வுக் கட்டணம், சம்பா அறுவடை முடிந்த பிறகு கட்டப்படுகிறது என்பதை அலுவலக எழுத்தர் அறிவார்.

ஆகவே தோழர்களே, தோழியரே! "நம்மைப் போன்றவர்களுக்கு இதெல்லாம் எதற்கு" என்று எவரேனும் கேட்டால், "நம்மிடமும் இருக்கிறது" என்று சொல்லுங்கள். வானம் இருக்கிறது. பதிவுகள் இலவசமாக இருக்கின்றன. கணக்கு தெரிந்த பெரியவர்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள். ஒன்றும் கிடைக்காமல் போனாலும் அதை உள்ளபடி எழுதிவைக்கும் நேர்மை இருந்தால் போதும்.

முதுகலை பற்றி வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன். அப்பா அதில் கையெழுத்திட்டுவிட்டார். பணத்துக்கு என்ன வழி என்று அறுவடைக்குப் பிறகு பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். எனது குறிப்பேட்டைத் துறை நூலகத்தில் வைத்துவிட்டேன். நாற்பது வெடிப்புகள் அதில் உள்ளன. பிளாங்க் உழைத்த காலத்தில் நிகழ்ந்த வெடிப்புகள் இன்னும் பல நூறு. அடுத்த ஆண்டு வருபவர் நாற்பத்தொன்றாம் பக்கத்திலிருந்து தொடங்கலாம். அயனாம்சத்தை மட்டும் கூட்ட மறக்க வேண்டாம்.